ஒரு நாள் சாய்தளம்

அத்தியாயம் 14

புருஷனும் பெண்டாட்டியும் பேச்சை நிறுத்தி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. சோறு வேளாவேளைக்குத் தட்டில் விழுந்தது. பேச்சு மட்டும் இல்லை. கேட்டே ஆகவேண்டிய விஷயம் என்றால் நடுவில் இளமதி இருந்தாள். "அப்பா சாப்ட்டாச்சான்னு கேளு", "ஆச்சுன்னு சொல்லு" என்று ஒரே அறைக்குள் மகள் வழியாகத் தந்தி போய்க்கொண்டிருந்தது.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே வலுவில்லாத இளமதி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஏழாம் வகுப்பு வரை வந்துவிட்டாள். ஆனால் அந்த நாற்காலி பள்ளிக்கூடத்து வாசல்வரைதான் போகும். மணிமுத்தாற்று வெள்ளத்துக்குப் பயந்து உயரமாகக் கட்டிய நடுநிலைப்பள்ளி அது. ஏறுவதற்கு ஆறு படிகள். அந்தப் படிகளில் மகளை இடுப்பில் தூக்கி ஏற்றியதும் இறக்கியதும் அனுசியாதான். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, நடுவில் பிள்ளை ஒன்றுக்குப் போகவேண்டுமே என்று, தான் வேலை பார்க்கும் செராமிக் கம்பெனியில் கெஞ்சி பெர்மிஷன் வாங்கிக்கொண்டு ஓடிவந்து ஒரு முறை.

பிள்ளை வளர்ந்தது. தாயின் முதுகு தேய்ந்தது. "இனிமே வெயிட்டு தூக்குனா நீங்களும் வீல் சேர்லதாம்மா உக்காரணும்" என்று டாக்டர் கைவிரித்த அன்று, யாரும் கேட்காமலே இளமதி, "முழுப் பரீட்சை எழுதிட்டு நின்னுடறேம்மா" என்றாள். அந்த நேரம் பார்த்து பூபாலன், "நிக்கட்டும். பொம்பளப் புள்ளைக்கு ஏழாவது போதும்" என்று சொல்லித் தொலைத்தான். அந்தச் சொல்லுக்குத்தான் இந்த வாரம் முழுக்க மௌனம்.

பரீட்சையாவது ஒழுங்காக நடந்ததா என்றால் அதுவும் இல்லை. கடைசி இரண்டு பரீட்சைகள் பாக்கி இருக்கும்போதே தேர்தல் குறுக்கே வந்தது. புதன்கிழமை பள்ளிக்கூடத்தைக் காலி செய்துகொண்டார்கள். பெஞ்சுகளை வெளியே இழுத்து வேப்பமரத்தடியில் குவித்தார்கள். பெரிய டீச்சர் ராஜம்மாளுக்குத் திட்டக்குடிப் பக்கம் தேர்தல் வேலை, மற்ற டீச்சர்களுக்கு ஆளுக்கொரு ஊர். திங்கட்கிழமை வந்து மீதிப் பரீட்சையை எழுதிக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளைக் கேட்டு முடிவெடுக்க அவர்களுக்கென்ன ஓட்டா இருக்கிறது?

வெள்ளிக்கிழமை வாக்குப்பதிவு. பந்தல் கான்ட்ராக்டர் சுப்புராயனிடம் டாட்டா ஏஸ் ஓட்டும் பூபாலன், விடியுமுன்பே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இளமதியைத் தனியே வீட்டில் விட மனமில்லாமல், அனுசியா அவளையும் நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஓட்டுப்போடக் கிளம்பினாள்.

பள்ளிக்கூடத்து கேட்டைத் தாண்டியதும் அவளுக்கு இடம் மாறி வந்துவிட்டோமா என்று சந்தேகம் வந்தது. வெயிலுக்குப் பந்தல். காலடியில் சிவப்புத் தரைவிரிப்பு. போன வருஷம் முழுக்கக் காற்று மட்டுமே வந்த குழாயில் தண்ணீர் கொட்டியது. ஆணி பெயர்ந்து ஆடிக்கொண்டிருந்த கக்கூஸ் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள். வராந்தாவில் மின்விசிறி வேறு சுற்றியது.

"அம்மா, அங்க பாரேன்" என்றாள் இளமதி.

படிக்கட்டுக்குப் பக்கத்தில், வராந்தா விளிம்பிலிருந்து தரைவரைக்கும் நீளமாக, சிமென்ட் பூசிய ஒரு சாய்தளம். ஓரத்தில் மூங்கில் கைப்பிடி. வீங்கிய காலோடு ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியில் வைத்து இரண்டு பையன்கள் அதில் தள்ளிக்கொண்டு போனார்கள். நாற்காலி அலுங்காமல் மேலே ஏறியது.

அனுசியாவுக்கு முதலில் சந்தோஷம்கூட வரவில்லை. வயிறு எரிந்தது. எத்தனை திங்கட்கிழமை கம்பெனிக் கூலியை விட்டுவிட்டு, மனு கொடுக்க வரிசையில் நின்றிருக்கிறாள்! நிதி வரட்டும் என்றார் ஒருவர். எஸ்டிமேட் போயிருக்கிறது என்றார் இன்னொருவர். அடுத்த ஆண்டு கட்டாயம் என்றார் மூன்றாமவர்; அந்த அடுத்த ஆண்டு மூன்று முறை வந்து போனது. ஏழு வருஷமாக வராத சாய்தளம், ஒரு நாள் ஓட்டுக்கு இரண்டு நாளில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"மூணு நாளுக்கு முந்தி இல்லியேடி இது. ரெண்டே நாள்ல முடியற வேலைக்கா என்ன இத்தினி வருஷம் அலைய வுட்டானுங்க?"

"கத்தாதம்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

பெண்கள் வரிசை நகர்ந்து சாய்தளத்தின் அடிக்கு வந்தது. அனுசியா நாற்காலியை அதில் திருப்பினாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் லத்தியைக் குறுக்கே நீட்டினார்.

"யம்மா, பாப்பாவ இங்கயே வுட்டுட்டு நீங்க மட்டும் போங்க. ரேம்ப்பு ஓட்டர்ஸுக்கு மட்டும்தான்."

"சார், இது அவ படிக்கிற ஸ்கூலு."

"இன்னைக்கு ஸ்கூலு இல்லம்மா. பூத்து."

"தெனமும் நான் தூக்கிட்டுப் போற புள்ள சார். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அதுவா ஏறிப் போகட்டும்."

"சொன்னா கேளுங்கம்மா. பின்னாடி ஜனம் நிக்குது."

"ஓட்டு இல்லாத காலுக்கு ரேம்ப்பு கெடையாதா சார்?"

அவள் சத்தமாகத்தான் கேட்டாள். பந்தலுக்குள் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. போலீஸ்காரர் நல்ல மனிதர்தான், அவருக்கும் முகம் சுருங்கியது. ஆனாலும் லத்தி இறங்கவில்லை. இளமதி கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "வாம்மா, நான் வெளியவே இருக்கறேன்" என்றாள். தனக்காக அம்மா சண்டை போடும்போதெல்லாம் அந்தப் பிள்ளை கூசிப்போகும்.

"எதுக்குடி வெளிய இருக்கணும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அனுசியாவோடு அதே கம்பெனியில் வேலை பார்க்கும் அன்பரசி. "அது ஏறுனாதான் நாங்க ஏறுவோம். இன்னா புள்ளைங்களா, சரிதான?"

வரிசையில் இருந்த பெண்கள் சரிதான் என்றார்கள். ஆண்கள் வரிசையில் ஒருவர் நேரமாகிறது என்று முணுமுணுத்தார். அன்பரசி திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் அவருக்கு அவசரம் போய்விட்டது.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் வந்தார். நல்லூர்ப் பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சராம். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்.

"எந்த க்ளாஸ்மா நீ?"

"ஏழாவது மிஸ். நீங்க உக்காந்துட்டு இருக்கீங்களே, அதுதான் எங்க ரூமு."

டீச்சர் திரும்பி அந்த அறையைப் பார்த்தார். பிறகு போலீஸ்காரரிடம், "அம்மாகூட கொழந்த வரலாம் சார். நான் பாத்துக்கறேன்" என்றார். லத்தி விலகியது.

அனுசியா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"தள்ளாதம்மா" என்றாள் இளமதி.

இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து உந்தினாள். பாதியில் மூச்சு வாங்கியது, நின்றாள். மறுபடியும் உந்தினாள். வராந்தாவில் ஏறி, தன் வகுப்பறை வாசலில் நாற்காலியைத் திருப்பி நிறுத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் இடுப்பில் தொங்காமல் அந்த வாசலுக்கு அவள் வந்தது அன்றுதான் முதல் தடவை. அனுசியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். விரலில் மை வைக்கும்போதும் அவளுக்கு அழுகை நிற்கவில்லை. யாருக்குப் போட்டாள் என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் அவளுக்கு எல்லாச் சின்னத்தின் மீதும் கோபம்தான்.

இறங்கும்போது இளமதி நடுவில் பிரேக் போட்டாள். சாய்தளத்தின் ஓரத்தில் ஓர் இடத்தில் பூச்சு படாமல் விட்டிருந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக ஏதோ நெருக்கிக் கிடந்தது.

"அம்மா, இது உங்க கம்பெனி ஃபியூஸ் கட்டைதான?"

அனுசியா குனிந்தாள். கரண்ட் மீட்டர் பெட்டியில் செருகும் பீங்கான் ஃபியூஸ் கட்டையேதான், உடைந்தது. கம்பெனியில் அவளுக்குச் சரிபார்க்கும் வேலை. சூளையிலிருந்து வரும் கட்டைகளில் கீறல் விழுந்ததைப் பொறுக்கி, நீலச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சுவருக்கு வெளியே குவியலில் எறியவேண்டும். இந்த ஊரில் பள்ளம் எங்கே என்றாலும் அந்தக் குவியலில் இருந்துதான் அள்ளிக் கொட்டுவார்கள். மழைக்காலத்துச் சேற்றுத் தெரு, வீட்டு அஸ்திவாரம், மாட்டுக்கொட்டகைத் தரை எல்லாவற்றுக்கும் கம்பெனி உடைசல்தான். ஒரு துண்டின் மேல் நீலக் கோடு அழியாமல் இருந்தது.

தன் கையால் கழித்துப்போட்டதை அள்ளிக்கொண்டுவந்து இங்கே கொட்டியது யார்? வெளியூர்க்காரனுக்கு இந்த யோசனை வராது. கையில் ஒரு டாட்டா ஏஸும், மனதில் ஒரு உறுத்தலும் உள்ள ஆள் ஒருத்தன்தான் உண்டு.

மத்தியானம் பூபாலன் சாப்பிட வந்தான். அனுசியா சோற்றை வைத்தாள். இளமதி வழக்கம்போலத் தந்தி அடிக்க வாயைத் திறந்தாள். அதற்குள் அனுசியா நேராக அவனையே கேட்டாள்.

"ரேம்ப்பு யாரு போட்டது?"

பிசைந்த கை நின்றது.

"மொதலாளிகிட்ட இருந்த ரேம்ப்பு பலகையெல்லாம் மங்கலம்பேட்டைக்கும் கருவேப்பிலங்குறிச்சிக்கும் போயிடுச்சு. நம்ம ஸ்கூலுக்கு இல்ல. மண்ணு மூட்டைய அடுக்கி எதாச்சும் பண்ணித் தொலைடான்னாரு. பண்ணேன்."

"எதாச்சும்னா, இதா?"

"மண்ணு மூட்டையா இருந்தா மறுநாளே அள்ளிப்புடுவானுங்க. சிமென்ட்டப் பூசிட்டா எப்டி அள்ளுவானுங்க? அதான் கொத்தனார் ஒருத்தர இட்டாந்து, ரெண்டு நாளும் கூடவே நின்னு போட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னாங்க?"

"நீதான் பேசலியே."

சொல்லிவிட்டு அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அன்னைக்கு நான் சொன்னது தப்புதான் அனுசியா. உன் முதுகையும் பாக்க முடியல, அது அழுவறதையும் பாக்க முடியல. வாயில வந்தத சொல்லிட்டேன்."

அனுசியாவுக்கு ஒரு வாரத்துக் கோபமும் எங்கே போனதென்று தெரியவில்லை. "ஆறிப்போவுது, சாப்பிடுங்க" என்று இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். இளமதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். அந்த வீட்டில் அந்தச் சிரிப்பு ஐந்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

பூபாலனின் போன் அடித்தது. சுப்புராயன். அவர் பேசினால் ஸ்பீக்கர் தேவையில்லை, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

"டேய் பூபாலா, அறிவிருக்குதாடா உனக்கு? டெம்பரவரின்னா இன்னான்னு தெரியுமா? ஆபீசர் பாத்துட்டு எங்கிட்ட கேக்கறாரு, யாரு பர்மிஷன் குடுத்து கவருமென்டு எடத்துல கட்டடம் கட்டுனேன்னு. ஆறு மணிக்கு மேல பொட்டி கெளம்புனதும் இடிச்சு எடத்த சுத்தம் பண்ணிக் குடுத்துடணும். கேட்டுதா?"

"மொதலாளி, நல்லாத்தான இருக்குது..."

"நல்லா இருக்குதோ நாசமா இருக்குதோ, இடிடா."

போன் வைக்கப்பட்டது. நல்லதாகக் கட்டிவிட்டால் யார் இடிப்பார்கள் என்று நினைத்ததுதான் பூபாலன் செய்த பிசகு. பாவம், சர்க்கார் காரியம் தெரியாத மனுஷன்.

சாயங்காலம் மூன்று பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். வாக்குப்பதிவு முடிந்து, இயந்திரங்களுக்குச் சீல் வைத்து, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வெளியே வந்தார்கள். எல்லோரும் சாய்தளத்தில்தான் இறங்கினார்கள்; பக்கத்திலேயே இருந்த படிக்கட்டை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அந்த நல்லூர் டீச்சர் போகும்போது இளமதியின் தலையைத் தடவிவிட்டு, வேனில் ஏறினார்.

சுப்புராயன் கடப்பாரையோடு வந்து நின்றார். பக்கத்தில் ஜீப்பில் சாய்ந்தபடி, அவர் போனில் சொன்ன தேர்தல் ஆபீசர்.

"சார், இத இடிக்கச் சொன்னது நீங்களா?" என்றாள் அனுசியா.

"தற்காலிகச் சாய்தளம்னுதாம்மா உத்தரவு. தேர்தல் முடிஞ்சா ஸ்கூல இருந்தபடி ஒப்படைக்கணும்."

"இருந்தபடின்னா எப்டி சார்? கொழாயில தண்ணி இல்லாம இருந்துதே, அப்டியா? நான் இவள முதுகு ஒடிய தூக்கிட்டு ஏறுனேனே, அப்டியா?"

"அதெல்லாம் நீங்க கல்வித் துறையில கேக்கணும்."

"கேட்டேன் சார். ஏழு வருஷமா கேட்டேன். அவங்க உங்கள மாதிரி ஆளத்தான் காட்டுனாங்க."

பதில் இல்லாதவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், ஆபீசரும் பார்த்தார். "பொட்டி போய்ச் சேரணும், எனக்கு டைம் இல்ல. சுப்புராயன், நாளைக்குள்ள எடம் கிளியரா இருக்கணும்" என்றபடி ஜீப்பில் ஏறினார். புழுதியோடு கேட்டைத் தாண்டிப் போனது ஜீப்.

"ஏம்ப்பா, ஆபீசரே போயிட்டாரு. நீங்க வுட்டுட்டுப் போனா இன்னா?" என்றாள் அன்பரசி. வீட்டு வேலையை முடித்துக்கொண்டு கம்பெனிப் பெண்கள் நாலைந்து பேரோடு வந்திருந்தாள்.

சுப்புராயன் சிரித்தார். ஒளிக்காமல் உண்மையைச் சொல்கிற அயோக்கியர் அவர். "ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் பலகைய வாடகைக்கு வுடறதே நான்தாம்மா. ஸ்கூலுக்கு ஸ்கூலு இப்டி கட்டி வச்சிட்டா, அடுத்த எலெக்‌ஷனுக்கு என் பலகைய யாரு கேப்பா?"

அனுசியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஆக, தன் மகள் படி ஏறாமல் இருந்தால்தான் இந்த மனுஷனின் பலகை ஏறும். இத்தனை காலம் நிதி, எஸ்டிமேட் என்று சொன்னதையெல்லாம் நம்பிக்கொண்டு நின்ற தன் மீதே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"த்தூ, இது ஒரு பொழப்பா?" என்றாள்.

"நாக்க அடக்கச் சொல்லுடா உன் பொண்டாட்டிய." சுப்புராயன் கடப்பாரையைப் பூபாலன் கையில் திணித்தார். "வேல வேணும்னா இடி."

பூபாலன் கடப்பாரையைப் பார்த்தான். வீட்டு வாடகை, இளமதியின் மருந்து, அனுசியாவின் முதுகு எல்லாம் அந்த வண்டிச் சம்பளத்தில்தான் ஓடுகிறது. அது சுப்புராயனுக்கும் தெரியும், அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். இடிக்காதீர்கள் என்று சொல்ல அனுசியா துடித்தாள். ஆனால் நாளைக்கு உலை வைக்கவேண்டியவளும் அவள்தான்.

அவன் கடப்பாரையைக் கீழே வைத்தான். சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்.

"நீங்களே இடிச்சுக்குங்க மொதலாளி. என்னால ஆவாது."

சுப்புராயனுக்கு முகம் கறுத்துவிட்டது. "இன்னாடா, எனக்கு கை இல்லன்னு நெனச்சியா?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையை ஓங்கி ஒரு போடு போட்டார். மேல் பூச்சு சில்லாகப் பெயர்ந்தது. அதற்குக் கீழே இருந்தது சூளையில் வெந்த பீங்கான். கடப்பாரை வழுக்கிப் பக்கத்தில் போய்த் தரையைக் குத்தியது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். கம்பெனிப் பெண்களில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். சும்மா இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தச் சிரிப்பு அவரை வெறியாக்கிவிட்டது.

"சிரிங்கடி, சிரிங்க. காலைல ஏழு மணிக்கு ஜேசிபி வரும். அரை மணி நேரத்துல எல்லாம் தரையாயிடும். அப்ப வந்து சிரிங்க." சாவியைப் பொறுக்கிக்கொண்டு, பூபாலனைப் பார்த்து, "நாளையிலருந்து நீ என் வண்டிப் பக்கமே வரக்கூடாது" என்று சொல்லிவிட்டு டாட்டா ஏஸில் ஏறிப் போனார்.

பந்தலை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்கள். தரைவிரிப்பைச் சுருட்டிவிட்டார்கள். மின்விசிறியையும் கழற்றியாயிற்று. வாட்ச்மேன் கேட்டைப் பூட்டவேண்டும் என்று சாவியை ஆட்டிக்காட்டினார். அன்பரசி, "கவலப்படாத அனுசியா, பொழுது விடியட்டும் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு கிளம்பினாள். அவர்களுக்கும் வீட்டில் அடுப்பு காத்திருந்தது.

பூபாலன் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். வேலை போன முதல் நாளில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத ஆம்பிளை. அனுசியா போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"செஞ்சது சரிதாங்க" என்றாள்.

"ஜேசிபிய எப்டி நிறுத்தறது?"

அவளுக்கும் தெரியவில்லை. ராஜம்மா டீச்சருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. சனி, ஞாயிறு ஆபீஸ்கள் திறக்காது. திங்கட்கிழமை மனு கொடுக்கலாம். அதற்குள் மனு கொடுக்க ஒன்றும் மிஞ்சாது.

அதற்குள் இன்னொரு தடவை சாய்தளத்தில் ஏறிப் பார்த்த இளமதி, நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தது.

"ஏழு மணிக்குத்தானம்மா வரும்னாரு?"

"ஆமாண்டி."

"அப்ப நாம ஆறுக்கே வந்துடணும். நான் ரேம்ப்பு மேல பிரேக்கு போட்டு உக்காந்துக்கறேன். யூனிபாரம் தோய்ச்சுக் குடும்மா, காய்ஞ்சிடும்."

"நாளைக்கு சனிக்கெழம தாயி. எலெக்‌ஷனு முடிஞ்ச மறுநாளு வேற. ஸ்கூலு லீவு" என்றான் பூபாலன்.

"எனக்கு இல்லப்பா" என்றாள் இளமதி.